பன்னிரண்டு குஞ்சுகளின் குளிர்

மார்கழி எட்டாம் தேதி காலையில் முடிச்சூர் அக்தர் வீட்டுக் கொல்லையில் மட்டும் வாளித் தண்ணீர் உறைந்துபோயிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், ரிட்டையரான டீச்சர் நாகலக்ஷ்மி வழக்கம்போல ஃபேனை இரண்டில் வைத்துத் தூங்கி எழுந்திருந்தாள். முந்தின நாள்தான் அக்தரின் மனைவி பரிதா, மொபெட்டில் கூண்டு கட்டிக்கொண்டு வரும் ஜெயவேலுவிடம் பன்னிரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கியிருந்தாள். இளைப்புக்கு நாட்டுக்கோழி முட்டை நல்லது என்று யாரோ சொல்ல, புருஷனின் நெஞ்சுக்காக வாங்கியவை. பிற்பாடு ஜெயவேலுவைப் பிடித்துக் கேட்டதற்கு, கூடப் பொரித்த குஞ்சுகளை வண்டலூரில் நாலு வீட்டுக்குக் கொடுத்ததாகவும் அங்கெல்லாம் குளிர் எதுவும் போகவில்லை என்றும் சொன்னான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

குளிர் குஞ்சுகளுடையது என்று தெரிய ஒரு நாள் பிடித்தது. பரிதா குஞ்சுக் கூடையை வீட்டுக்குள் தூக்கி வந்தாள். கால் மணி நேரத்தில் தேங்காய் எண்ணெய் சீசாவில் கல்லானது, அக்தரின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. மறுபடி கொல்லையில் வைத்தாள். குளிரும் எழுந்து கூடவே போனது. கூடையைச் சுற்றி ஏழு முழம், அதற்குமேல் ஒரு விரற்கடைகூடத் தாண்டவில்லை, நடுவில் சுவர் வந்தால் அதோடு நின்றது. ஏ.சி. மெக்கானிக்கான அக்தர் சூடு பார்க்கும் மெஷினை வைத்துப் பார்த்து மைனஸ் ஒரு டிகிரி என்றார். உள்ளே வைத்தால் அவருக்கு ஆகாது, வெளியே வைத்தால் குஞ்சுகளுக்கு ஆகாது.

தாயில்லாத குஞ்சுக்கு ஒரு பல்பு போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பரிதாவும் கடையில் பல்பு கேட்டு வாங்கிக் கூடைக்கு மேல் தொங்கவிட்டாள். அது எல்.ஈ.டி. வெள்ளை வெளேரென்று எரிந்தது, சூடு மருந்துக்கும் இல்லை. குஞ்சுகள் அந்த வெளிச்சத்தை நம்பி அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்று நடுங்கின. மூன்று நாளில் நான்கு போயின. அதற்கப்புறம்தான் நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்து, "ஏம்மா, குண்டு பல்பு இல்ல போடணும்? இது படிக்கிற லைட்டாச்சே" என்றாள். குண்டு பல்பு தாம்பரம் மார்க்கெட்டிலும் கிடைக்கவில்லை, குரோம்பேட்டையிலும் கிடைக்கவில்லை. சட்டியில் கரி போட்டு வைத்தாள். தணல் ஏழு முழத்துக்குள் போனதும் சாம்பலானது.

"ஊர்ல எல்லா வூட்டுக்கும் ஏ.சி. மாட்டிக் குடுக்கறீங்களே, இந்தக் குளிர ஏதாவது பண்ணக் கூடாதா?" என்றாள் பரிதா.

"இன்னா பண்ண சொல்ற. முப்பது வருஷமா குளிர இட்டாந்து வெக்கறதுதான் என் வேல. போன்னா அது என் பேச்ச கேக்குமா?" என்றார் அக்தர்.

ஆனாலும் பரணிலிருந்து பழைய ஜன்னல் ஏ.சி. ஒன்றை இறக்கினார். ஜன்னல் ஏ.சி. முன்பக்கம் குளிரை விட்டால் பின்பக்கம் அனலைத் தள்ளும். ஜன்னல் கம்பியை அறுத்து, அனல் கொல்லைப் பக்கம் கூடையின் மேல் விழும்படி பொருத்தினார். அனலை அந்தக் குளிரால் விழுங்க முடியவில்லை. எட்டுக் குஞ்சுகளும் முதன்முறையாக இறக்கையை விரித்தன, குருணை கொத்தின. முன்பக்கக் குளிர் மொத்தமும் வீட்டுக்குள் இறங்கியது. வீடு என்பதே அந்த ஒரு அறைதான்.

"நாகலக்ஷ்மிக்கா வூட்ல போய்ப் படுங்க. நான் பாத்துக்கறேன்."

"இது கிழட்டு மெஷின் பரிதா. மணிக்கொரு தரம் ஐஸ் கட்டும், ஆஃப் பண்ணித் தட்டி வுடணும். உனக்குத் தெரியாது."

ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக நாலு நாள் ஏ.சி.க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் விடிந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது, பேச்சு வரவில்லை. பரிதா ஸ்விட்சில் கை வைத்தாள். ஜன்னல் ஓரச் சந்து வழியே குஞ்சுகள் தெரிந்தன, எட்டும் கழுத்தை நீட்டி அனலுக்கு முகம் காட்டிக்கொண்டு. தட்டி விட ஆளில்லாமல் மெஷின் ஓடாது. ஸ்விட்சை அணைத்தாள். ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். கொல்லையில் குஞ்சுகளுக்கு நாகலக்ஷ்மி தன்னாலானது, வெந்நீர்ப் பாட்டிலும் சால்வையும் வைத்துப் பார்த்தாள். பரிதா திரும்பி வந்தபோது ஒன்று இருந்தது. "என்னால முடியலம்மா" என்று நாகலக்ஷ்மி அழுதாள். "விடுங்கக்கா" என்றாள் பரிதா. முருங்கையடியில் குழி தோண்டினாள். மண் கல்லாக இருந்ததால் ஏழுக்கும் சேர்த்து ஒரே குழி.

மிஞ்சியதை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். அது வளர்ந்து பெட்டைக் கோழியானது, முட்டையும் இட்டது. குளிர் மட்டும் போகவில்லை. அரை மணிக்குமேல் அவள் எழுந்து போனால் கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும். "பேசாம குழம்பு வெச்சிடுடி" என்று நாகலக்ஷ்மியே சொல்லிப் பார்த்தாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் அந்த வீட்டுக்கென்று ஒரு மஃப்ளர் வைத்திருக்கிறார். அக்னி நட்சத்திரத்தில் தெருக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து கோழியைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்.

அக்தரால் மட்டும் அங்கே வர முடியாது. ஏ.சி.யைக் கழற்றிய ஓட்டைக்கு உள்பக்கம், வியர்வை வழிய அவர் உட்கார்ந்திருக்கிறார். வெளிப்பக்கம் பரிதா ஸ்வெட்டர் போட்டு, கோழியோடு. சாயங்காலம் அவரே டீ கொதிக்கக் கொதிக்கப் போட்டு, டம்ளரை அந்த ஓட்டை வழியாக நீட்டுவார். அவள் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஜில்லிட்டுவிடும்.

"ஆறிப்போச்சா?" என்று தினமும் கேட்பார்.

"ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் குடிப்பாள்.