யாருடைய விரல்?

புதுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் குழந்தைகள் வார்டு நர்ஸான அவளுக்குச் சுருக்கென்றது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுக்கும் லான்செட் ஊசி, தோலை மட்டும் கீறிவிட்டு நின்றுவிடும். பெட்டியில் இருந்ததோ பெரியவர்கள் விரலில் ஆழமாகக் குத்துவது. மாறி வந்துவிட்டதா என்று ஸ்டோரில் கேட்டாள். மாறவில்லையாம். இனி எல்லா வார்டுக்கும் இது ஒன்றுதானாம். கொள்முதல் அதிகாரியே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாராம்.

கொள்முதல் அதிகாரி வேறு யாருமில்லை, அவள் புருஷன்.

கையில் பெட்டியோடு அவன் அறைக்குள் நுழைந்தாள். அவனுக்கோ பெருமை தாங்கவில்லை. விற்க வந்தவர் மேசையில் பரப்பி வைத்த அத்தனையையும் தன் விரலிலேயே குத்திப் பார்த்தானாம். வலிக்காமல், ஒரே குத்தில் ரத்தம் வந்தது இதில்தானாம். தன் உடம்பில் சோதித்து வாங்குகிற அதிகாரி வேறு எங்கே கிடைப்பான் என்று அவளையே கேட்டான்.

"அது உங்க விரல், சார்." ஆஸ்பத்திரியில் அவள் அவனை சார் என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கு அந்த 'சார்' கொதித்தது. "கடப்பாரையால குத்தினாலும் உங்களுக்கு உறைக்காது. பச்சைக் குழந்தைக்குத் தோலுக்குக் கீழேயே எலும்புங்க."

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கொஞ்சம் மெதுவாகக் குத்தினால் போதாதா என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெதுவாகக் குத்த இதென்ன தையல் ஊசியா? விசையைத் தட்டினால் அது போகிற ஆழத்துக்குத்தான் போகும். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

அதற்குள் குழந்தைகள் வார்டிலிருந்து ஆள் வந்தது. நேற்றுப் பிறந்த குழந்தைக்கு உடம்பு மஞ்சளாகிறது, ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். பழைய லான்செட் ஒன்றுகூட மிச்சமில்லை.

"வாங்க," என்று அவனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்த பாதம் அவன் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. "பிடிச்சுக்குங்க. நீங்க தேர்ந்தெடுத்த ஊசியாலேயே குத்தறேன்."

அவன் குழந்தையின் காலைத் தொடவில்லை. எதிர்த்தெரு மருத்துவமனையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று முணுமுணுத்துவிட்டு ஓடினான். என்ன தாமதம், குழந்தைக்கு ஏதாவது ஆபத்தா என்று தாய் திரும்பத் திரும்பக் கேட்டாள். இவள் குழந்தையின் பாதத்தை மறுபடி துணிக்குள் பொதிந்தாள்.

மூச்சிரைக்க அவன் குழந்தைகளுக்கான லான்செட் ஒரு கைப்பிடி கொண்டுவந்து நீட்டினான். அவள் குதிகாலின் ஓரத்தில் குத்தி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அனுப்பினாள். குழந்தை வீறிட்டு அடங்கியது.

வெளியே அவன் காத்திருந்தான். குழந்தைகளுக்குத் தனியாக இன்றைக்கே வாங்கிவிடுகிறேன், கோபம் தீர்ந்ததா என்று குழைந்தான்.

"என்னை எதுக்குச் சமாதானப்படுத்தறீங்க? உள்ள அந்தப் பொண்ணு இன்னும் நடுங்கிட்டு இருக்கா. ஏன் தாமதமாச்சுன்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவன் தயங்கினான். அவள் வழி விட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.