செம்பல்லித் துண்டங்கள்

காலையில் முகம் கழுவக் குழாயைத் திறந்த சகாயசெல்வி அலறிவிட்டாள். பச்சைத்தண்ணீர் நெருப்பாய்ச் சுட்டது. உள்ளே அவள் கணவன் சூசை நாலு தடவை வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். முந்தின நாள் மத்தியானம் இருவரும் தின்றது செம்பல்லித் தலைக்கறி. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அவளே ஏலத்தில் எடுத்த மீன். பத்துக் கிலோ தேறும். உடலைத் துண்டம் போட்டு நாலு வீட்டுக்கு விற்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாஸ்பின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடலடிப் பாறையில உள்ள பாசியில கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் ஒட்டியிருக்கும். அது கார்பன் துணுக்குகள ரெண்டு ரெண்டாக் கோத்து நீளமா ஒரு சங்கிலி செய்யும். அத வளையம் வளையமா மடிச்சா விஷம். பாலிகீட்டைடுன்னு பேரு. பாசியச் சின்ன மீன் தின்னும், சின்னதப் பெரிசு தின்னும். மீனோட ஈரல்ல அது மாறி வீரியம் கூடும். ஒனக்குப் பச்சத்தண்ணி சுடுறதும், கைகால் மரத்து எறும்பு ஊருறதும் அதாலதான்."

"வேகவச்சா போகாதா டாக்டர்?"

"போகாது. நம்ம உடம்புதான் அத கொஞ்சங் கொஞ்சமா மாத்தி வெளிய தள்ளணும். வாரக்கணக்கு ஆகும்."

அதற்குமேல் செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே போன் போட்டாள். இரண்டு வீட்டில் தின்று முடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மூன்றாவது வீட்டு ஜெனிலா, ஃபிரிட்ஜில் இருப்பதைக் குழிதோண்டிப் புதைக்கிறேன் என்றாள். நாலாவது வீட்டு ரீத்தா எடுக்கவேயில்லை. அவள் மருமகள் ஷீஜா பிள்ளை பெற்று இருபது நாள்தான். மீன் அவளுக்காக வாங்கியது. மணி பன்னிரண்டு.

ஆட்டோ பிடித்து ஓடினாள். மரத்துப்போன கால் படியில் தடுக்கியது. ஷீஜா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தின்னாத மக்கா!"

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்றாள் ரீத்தா. "நல்ல மீனுன்னு நீதான தந்த?"

"நாந்தான் தந்தேன். எனக்குத் தெரியல்ல. அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு."

"நல்லாக் கொதிக்க வச்சிருக்கேன்."

"கொதிச்சாலும் போகாதாம். பாலு வழியா பிள்ளைக்கும் போயிட்டா என்ன செய்ய?"

ஷீஜா தட்டைத் தள்ளினாள். "ரெண்டு வாய் தின்னுட்டேன்," என்றாள் மெதுவாக.

ரீத்தா தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரியெடுத்தாள். அதே ஆட்டோவில் மூவரும் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் செல்வி பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் சாகவில்லை. ஷீஜாவுக்கு உதடு மரத்ததோடு சரி. டாக்டர் சொன்ன நாள்வரை பிள்ளைக்குப் புட்டிப்பால்தான். சூசை பத்து நாளில் எழுந்து நடந்தான். செல்வி நடந்ததைத் துறைமுகத்தில் மறைக்காமல் சொன்னாள். அதனால் ஒரு மாதம் அவள் மீன்பெட்டியைச் சீண்ட ஆளில்லை.

பிறகொரு காலையில் ரீத்தா வந்து நின்றாள்.

"நெத்திலி இருக்கா?"

செல்வி அள்ளிப் போட்டாள். விரல் நுனிகளில் இன்னும் எறும்பு ஊர்ந்தது.