முப்பது விழுக்காடு

மின்சாரக் காரின் திரையில் முப்பது என்ற எண்ணைக் கண்டதும் சத்யப்பிரியாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை சூடு ஏறியது. இரவெல்லாம் சுவரிலிருந்த வெள்ளை சார்ஜர் பெட்டியோடு, தொட்டியில் வாய் வைத்த மாட்டைப் போல நின்ற வண்டி அது. விடிந்து பார்த்தால் அரை வயிறுகூட நிரம்பவில்லை.

அவள் ஊரான வடக்குத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே டாக்டர் புஷ்பவல்லியின் சிறிய மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெள்ளாற்றங்கரை ஊர்களில் பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களை வீடு தேடிப் போய், கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்துத் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்து எழுபது கிலோமீட்டர். முப்பது விழுக்காட்டில் வண்டி ஓடுவது அறுபது. அதை நெருங்கினால் திரையில் ஓர் ஆமைப் படம் தோன்றும். அதன்பின் வண்டியும் ஆமையாகிவிடும். கிட்டத்து ஊர்களாக அமைந்த நாட்களில் எப்படியோ ஒப்பேற்றினாள். ஆனாலும் வேலையில் சேர்ந்த ஐந்து வாரத்துக்குள் நான்கு நாள், பாதிப் பேரைப் பார்க்காமலே அவள் திரும்பியிருந்தாள்.

சனிக்கிழமை டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "படுத்துக் கிடக்கிறவங்க உன் கார் வரும்னு வாசலையே பார்த்துக்கினு இருக்காங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள் பார்த்துக்குவேன், தப்பா நினைக்காத."

பதினெட்டு வருடம் பெட்டியில் கிடந்த பிசியோதெரபி பட்டச் சான்றிதழ். மகள் தமிழ்நிலா கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அதைத் தூசி தட்டி எடுத்துத் தேடிக்கொண்ட வேலை. அது கையை விட்டுப் போவதற்கு இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது.

இத்தனை நாளும் அவள் பழியைப் பெட்டியின் மேல்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் மணிமாறன் அப்படித்தான் சொல்லியிருந்தான். "ஸ்மார்ட் சார்ஜிங்னா என்னன்னு நினைச்ச? லைன்ல லோடு ஜாஸ்தியானா அதுவா நிறுத்திக்கும். நம்ம கையில ஒண்ணும் இல்ல." அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படித் தொண்ணூறு ஏறுகிறது என்று கேட்டதற்கும் பதில் வைத்திருந்தான். "லீவு நாள். ஆபீஸ் கீபீஸ் ஓடாது. லைன் காலியா இருக்கும்." சுரங்கத்தின் மின்பிரிவில் இருபத்தாறு வருடச் சர்வீஸ். தெருவில் யார் வீட்டு மோட்டார் ஓடாவிட்டாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கரண்ட் விஷயத்தில் அவன் சொன்னால் அந்தத் தெருவுக்கே அது தீர்ப்பு. அந்த வீட்டில் அதைச் சந்தேகிப்பது எப்படி?

அன்று மணிமாறன் முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன்பே போயிருந்தான். அவள் வரச் சொல்லியிருந்தபடி, பெட்டியைப் பொருத்திய கம்பெனியின் ஆள் ஜெயகணேஷ் எட்டு மணிக்கு வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான், தன் மடிக்கணினியை அதோடு இணைத்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"பெட்டி தங்கமா இருக்குதுங்க மேடம்."

"அப்புறம் ஏன் முப்பதுல நிக்குது?"

"நிக்கச் சொன்னா நிக்கும்ங்க. சாரு அவரு போன்ல லிமிட் வெச்சிருக்காரே."

"லைன்ல லோடு இருந்தா அதுவா நிறுத்திக்கும்னாரே!"

ஜெயகணேஷ் சிரித்துவிட்டான். "மெதுவா ஏத்தும்ங்க, நிறுத்தாது. எப்படியும் விடியறதுக்குள்ள ரொப்பிடும். அதுக்குத்தானே ஸ்மார்ட்டுன்னு..." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நான் பாட்டுக்கு ஏதோ பேசிக்கினு இருக்கேன். சாருக்குத் தெரியாததுங்களா."

"அந்தக் கம்ப்யூட்டரைத் திருப்பு."

தயங்கித் தயங்கித் திருப்பினான். லிமிட்டை மாற்றியது நாள்வாரியாகப் பட்டியலில் இருந்தது. அவள் வேலையில் சேர்ந்த மறுநாள் மாலை ஆறு பத்துக்கு முப்பது. சனிக்கிழமை மாலை தொண்ணூறு. ஞாயிறு மாலை மறுபடி முப்பது. அடுத்த சனிக்கிழமை தொண்ணூறு, ஞாயிறு முப்பது. ஐந்து வாரமும் ஒரு தடவை தவறவில்லை. கோவிலில் விளக்கேற்றுகிறவர்கூட ஒருநாள் மறப்பார். மணிமாறன் மறக்கவில்லை.

"இப்பவே மாத்து."

"ஓ.டி.பி. சாரு போனுக்குத்தாங்க போவும்."

மணிமாறனின் போன் இரண்டு மணிவரை சுரங்கத்து லாக்கருக்குள் கிடக்கும்.

ஜெயகணேஷ் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தான். "வண்டி வாங்கறப்ப ஒரு ஒயர் பை குடுத்திருப்பாங்களே மேடம்? ஏ.சி. மாட்டற பெரிய பிளக் பாயிண்ட்ல சொருவினா போதும். மணிக்குப் பத்து பர்சென்ட் ஏறும். அதுக்கு எந்தப் போனும் தேவையில்ல." அப்படியொரு பையை அவள் பார்த்ததே இல்லை. தேடினாள். கணவனின் அலமாரியில், பழைய யூனிஃபார்ம்களுக்குப் பின்னால், உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

ஒரு கதை உண்டு. தோட்டத்து நரி ஒன்று மயிலைத் தன்னோடு தங்க அழைத்ததாம். மயில் தூங்கும்போது நாளுக்கோர் இறகாகப் பறித்துப் புதரில் ஒளித்து வைக்குமாம். வேலியைத் தாண்ட முடியவில்லையே என்று மயில் அழுதால், 'என்ன செய்வது, இது இறகு உதிரும் காலம்' என்று நரியும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொள்ளுமாம். ஒருநாள் மயில் அந்தப் புதரைக் கண்டது. இழந்த இறகுக்காக அது அழவில்லை. இத்தனை நாள் நரியின் தோளிலே சாய்ந்து அழுதோமே, அதை நினைத்துத்தான் அதன் உடம்பு எரிந்தது.

சத்யப்பிரியாவுக்கும் அப்படித்தான் எரிந்தது. பையைப் பின் இருக்கையில் வீசிவிட்டு வண்டியை எடுத்தாள். வடலூர் தாண்டும்வரை அவள் கை ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தது.

"மறுபடியும் மெஷின் கோளாறா?" என்று டாக்டர் புஷ்பவல்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

பொய் சொல்லிவிடலாம். ஐந்து வாரமாகத் தெரியாமல் சொன்னதையே இன்றைக்குத் தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு நாக்கு மறுத்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்குது டாக்டர். கோளாறு எங்க வீட்டுக்காரர்கிட்ட" என்று நடந்ததைச் சொன்னாள்.

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாதும்மா" என்றார். "ஒயரை எக்ஸ்ரே ரூம் பிளக்ல சொருவு. இந்தா என் ஸ்கூட்டர் சாவி. இன்னைக்கு ஓடிடும். நாளைக்குத் தூரத்து ஊருங்க, அதுக்குக் கார்தான் வேணும். அது உன் பாடு."

ஸ்கூட்டரில் போய் இறங்கியவளைப் பார்த்துத் நோயாளி துரைராஜின் மனைவி விருத்தாம்பாள் வாசலிலேயே குரல் கொடுத்தாள். "என்னா டாக்டரம்மா, காரு எங்க? வித்துத் தின்னுட்டீங்களா?"

"அது கரண்டு குடிச்சிக்கினு இருக்குது. நீங்க அவரைத் தூக்குங்க."

துரைராஜ் நான்கு ஏக்கர் நெல் விவசாயி. இடப்பக்கம் செயலிழந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று அவர் கட்டிலைப் பிடிக்காமல் நின்றார். சத்யப்பிரியா அவருடைய முழங்காலுக்குப் பின்னால் கை கொடுத்து எண்ணினாள். பதினொன்று வரை நின்றார். உட்கார்ந்ததும் வேர்வையோடு சிரித்து, "நாளைக்கும் வருவீங்களா?" என்றார். வரவேண்டிய முறை வியாழக்கிழமைதான். "வியாழக்கிழமை கண்டிப்பா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது மணி ஒன்று. பத்தே காலுக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. தெருமுனைக் கம்பத்தின் மேல் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கீழே சுவிட்சுப் பெட்டியில் ஒரு பூட்டும், பூட்டிலிருந்து ஒரு சிவப்பு அட்டையும் தொங்கின. 'ஆள் வேலை செய்கிறார். இணைப்புக் கொடுக்காதே.' கீழே ஒரு பெயர்.

ஐஸ்கிரீம் கடைக்காரர், நின்றிருந்த உதவியாளரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "எல்லாம் உருகிக்கினு இருக்குதுப்பா. நீ போட்டுவிடேன்!"

"அட்டை அவரு பேர்ல இருக்குதுங்க. அவரே எறங்கி வந்து எடுத்தாத்தான். கலெக்டரே வந்தாலும் நான் கைய வெக்க மாட்டேன்."

மணிமாறன் பையிலும் இப்படி ஓர் அட்டைக் கட்டு உண்டு. சுரங்கத்தில் ஒருவர் மாட்டியதை இன்னொருவர் தொட்டால் அது கொலைக்குச் சமம் என்பான். இருபத்தாறு வருடத்தில் அவன் அடுத்தவர் அட்டையைத் தொட்டதில்லை.

அவள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றேகாலுக்கு வந்த கரண்டில் ஒரு மணி நேரம் ஏற்றிக்கொண்டு கிளம்பி, மூன்று மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது திரையில் இருபத்து நான்கு இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த மணிமாறன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் பையிலிருந்து ஓர் அட்டையையும் பூட்டையும் எடுத்தாள். பெட்டியின் சுவிட்சை இறக்கினாள், பூட்டினாள், அட்டையில் தன் பெயரையும் தேதியையும் எழுதி மாட்டினாள்.

துண்டோடு வாசலுக்கு வந்தவன் அட்டையைப் பார்த்தான். கை தானாக நீண்டது, பாதியிலேயே நின்றது.

"என்ன ப்ரியா இது விளையாட்டு?"

"பேரைப் படிங்க."

"எடு அதை."

"மாட்டினவங்கதான் எடுக்கணும். வேலை முடியலை."

"என்ன வேலை?"

"ஜெயகணேஷ் வந்திருந்தாரு. ஞாயித்துக்கிழமை தொண்ணூறு, திங்கக்கிழமை முப்பது. எல்லாம் தேதி போட்டு இருக்குது."

மணிமாறன் துண்டால் முகத்தை மறுபடி துடைத்தான். ஏற்கெனவே காய்ந்திருந்த முகம். "ஹைவேயில லாரிங்க பறக்குது. உன் நல்லதுக்குத்தான்..."

"பொய்."

"அத்தனை தூரம் தனியா..."

"பொய்! நானே சொல்றேன். அந்த வெங்கடேஷ் என்ன சொன்னான்?"

அவள் இருட்டில் எறிந்த கல்தான் அது. ஷிஃப்டில் அவனோடு வேலை பார்க்கும் வெங்கடேஷின் வாயை ஊரறியும். கல் பட்ட இடம் மணிமாறன் முகத்தில் தெரிந்தது.

"கேன்டீன்ல பத்துப் பேர் இருக்கறப்ப..." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "'மணி சம்சாரம் கார்ல போயி ஆம்பளைங்களுக்குக் கால் அமுக்கிவிடறாங்களாம்'னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

அவன் துண்டை மடிக்கத் தொடங்கினான்.

"நீயும் சிரிச்ச." பதினெட்டு வருடத்தில் அவள் அவனை நீ என்றது அதுவே முதல் முறை. "சிரிச்சிட்டு வூட்டுக்கு வந்து போனைத் தடவிக்கினு என் காலை உடைச்ச. போவாதன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். போட்டுட்டுப் போயிருப்பேன். அந்தச் சண்டையக்கூட எனக்குக் குடுக்காம, ஒரு பெட்டி மேல பழியைப் போட்டியே! நானும் அந்த டாக்டர்கிட்டப் போயி உன் பொய்யை என் வாயால சொல்லிக்கினு நின்னேனே!"

"சத்தம் போடாத. தெருவுல..."

"தெரு கேக்கட்டும். இன்னைக்கு ஒரு மனுஷன் மூணு மாசத்துக்கப்புறம் சொந்தக் கால்ல நின்னாரு. பதினொண்ணு எண்ணுறவரைக்கும். அவர் முழங்காலை இந்தக் கைதான் பிடிச்சிக்கினு இருந்துது. கால் அமுக்கறதுதான். அதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சேன்."

மணிமாறன் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தான். "இந்தா, உன் நம்பரையே போட்டுக்க. ஓ.டி.பி. வரும், சொல்றேன். நூறு வெச்சிக்க, இருநூறு வெச்சிக்க. போதுமா?"

"போதாது. நாளைக்குக் கேன்டீன்ல அதே பத்துப் பேர் முன்னால வெங்கடேஷுக்கு நீ பதில் சொல்லணும். சொல்லிட்டு வா. அப்புறம் ஓ.டி.பி. பத்திப் பேசலாம். அதுவரைக்கும் என் அட்டை இங்கதான் தொங்கும்."

"அவன்கிட்டப் போயி நான் என்னன்னு...?"

"அதை நீதான் யோசிக்கணும். என் வேலையை உன்கிட்ட விட்டதுக்கே இந்தக் கதி."

அவன் அட்டையை ஒரு முறை பார்த்தான். அவளை ஒரு முறை பார்த்தான். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஏ.சி. உறுமத் தொடங்கியது. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஐந்து மணிவரை அந்தக் குளிரில் தூங்குவது அவன் வழக்கம்.

பெட்டி பூட்டில் கிடக்கிறது. நாளைக்கு எழுபது கிலோமீட்டர். சத்யப்பிரியா ஒயர் பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலின் மேல் ஏறி ஏ.சி. பிளக்கைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் தன் ஒயரைச் சொருகி, மறுமுனையைச் சன்னல் வழியாக வெளியே தள்ளினாள்.

"ஏய்! மே மாச வெயில்ல... வூட்டுல வேற பிளக்கே இல்லியா?"

"பெரிய பிளக் இது ஒண்ணுதான். மாட்டினவன் நீதான்."

வெளியே வந்து வண்டியில் பொருத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்னிருக்கையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதம் புளித்திருந்தது. அதையே அள்ளித் தின்றாள். சன்னலுக்குள் மணிமாறன் புரண்டு படுப்பதும், எழுந்து உட்காருவதும், செய்தித்தாளால் விசிறிக்கொள்வதும் தெரிந்தன. அவன் கதவைத் திறந்து வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. இடது கையால் போனை எடுத்து, மறுநாள் முதலில் பார்க்க வேண்டிய வீட்டுக்கு அழைத்தாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வந்துடுவேன். அவருக்குச் சாப்பாடு குடுத்துத் தயாரா வெச்சிருங்க" என்றாள். கோபத்தில் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.