பூபாலன் இருந்தால் நிற்கும் கட்டடம்

தாழம்மேடு அரசு உயர்நிலைப் பள்ளியின் மாடிக் கட்டடம், எம்.எல்.ஏ. பூபாலன் பள்ளி வளாகத்துக்குள் இருக்கும்போது மட்டும் இருக்கும். அவருடைய கார் வாசலில் இருக்கும் வாய்க்கால் மதகைத் தாண்டியதும் இருக்காது. கீழே மூன்று, மேலே மூன்று என்று ஆறு வகுப்பறைகள், கைப்பிடி வைத்த படிக்கட்டு, பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் இரண்டு கழிப்பறைகள், வெளிப்பூச்சு இளமஞ்சள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஈசிஆரில் நிற்கும் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார், சொல்லிவிட்டு சவாரி உண்டா இல்லையா என்று கேட்பார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எரிச்சல்படத்தான் நிறைய இருக்கிறது.

பூபாலன் வெளியூர்க்காரர் அல்ல. சவுக்குத் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டிய கருப்பனின் மகன். பள்ளியை ஒட்டிய இதே காலனியில் பிறந்து, இதே பள்ளியில் பத்தாவது வரை படித்து, கட்சியில் சேர்ந்து, செங்கல்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போனவர். எம்.எல்.ஏ. ஆன மூன்றாவது வருடம்தான் படித்த பள்ளி ஞாபகம் வந்தது, அடிக்கல் நாட்ட வந்தார். விரிசல் விட்ட பழைய ஓட்டுக் கட்டடத்தை அதற்கு முந்தின வாரம் இடித்து மண்ணைக்கூட அள்ளிப் போயிருந்தார்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டரைக்கு வந்தார். பிள்ளைகள் பூத்தட்டோடு வெயிலில் கால் கடுக்க நின்றார்கள், இரண்டு பேர் மயங்கி விழுந்து சோடா குடித்துவிட்டு மறுபடி வரிசைக்கு வந்தார்கள். பூபாலன் கல்லுக்கு ஒரு கரண்டி சிமெண்ட் பூசினார், மைக்கைப் பிடித்தார், "கட்டடம் வந்துடுச்சின்னே நெனச்சிக்குங்க" என்றார். வந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல், புது பெயிண்ட் வாடையோடு நின்றது. ஊர்ப் பெரிய மனிதர்கள் பொன்னாடை போர்த்த முண்டியடித்துக்கொண்டிருந்ததால், சத்துணவு சமைக்கும் எல்லம்மாள் மட்டும்தான் முதலில் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சாம்பார் அடிப்பிடிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் பொறியாளர் ஆராவமுதன். திருவிடந்தைக்காரர், நாமம் போடாமல் வீட்டு வாசற்படி தாண்டாதவர், நேர்மையானவர். வினையே அந்த நேர்மையால்தான் வந்தது. கண்ணால் கண்டதை எழுதாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. செல்போனில் எட்டுப் படம் எடுத்து, நாள், நேரம், இடம் எல்லாம் சேர்த்து, பணி முடிந்தது என்று அங்கேயே நின்றபடி இலாகா கணினிக்கு ஏற்றிவிட்டார். எட்டுப் படத்திலும் பூபாலன் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் கார் கிளம்பியது, மதகைத் தாண்டியது, கட்டடம் போய்விட்டது. மணலும் அடிக்கல்லும் மிச்சம். ஏற்றியதை இறக்க அந்தக் கணினியில் வழி கிடையாதாம். ஆராவமுதன் நாமம் வியர்வையில் கரைய அரைமணி நேரம் அந்த மணலிலேயே நின்றார், பிறகு அவரை மதுராந்தகம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தலைமையாசிரியை பிரிசில்லா பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. பதினோரு மனு எழுதினார். பள்ளிக்குப் புதிய கட்டடம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, அதைப் பராமரிப்பது தலைமையாசிரியர் பொறுப்பு என்று பதினோரு பதில் வந்தது. பன்னிரண்டாவதாக ஒன்று கேட்காமலே வந்தது, கட்டடத்தை எங்கே தொலைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு. நூற்றுநாற்பது பிள்ளைகளும் காலனி சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். முகூர்த்த நாளென்றால் அங்கே கல்யாணம், பள்ளிக்கு விடுமுறை. அந்த வருடம் தை மாதத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் மூன்றே நாள்தான் நடந்தது, அதிலும் ஒருநாள் பந்திப் பாய் விரித்தபடியே. கூடத்துக்குக் கழிப்பறை ஒன்றுதான், கதவு கிடையாது. பெண் பிள்ளைகள் காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார்கள், சாயங்காலம் தலைவலியோடு போனார்கள், பெரிய பிள்ளைகளில் சிலர் வராமலே நின்றுவிட்டார்கள்.

கட்டடம் எப்போது வரும் என்பது தெரிந்துபோனதால், பிரிசில்லா எதற்கெடுத்தாலும் எம்.எல்.ஏ.வை அழைக்க ஆரம்பித்தார். சுதந்திர தினம், மரம் நடுவிழா, கண் பரிசோதனை முகாம், கை கழுவும் தினம் என்று ஒன்றையும் விடவில்லை. பூபாலனுக்கும் சொந்த ஊர் என்ற பாசம் இருந்தது, வந்தார். வந்தால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் பெண் பிள்ளைகள் முதலில் கழிப்பறைக்கு வரிசை கட்டுவார்கள், பத்தாம் வகுப்பு மாடிக்கு ஓடி ஒரு தேற்றத்தைப் பாதிவரை படித்து முடிக்கும். மேடையில் அவர் திரும்பிக் கட்டடத்தைக் காட்டி, நான் கொடுத்தது என்று பேசுவார், எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டுவார்கள். பிறகு கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு போனில் பேசியபடி போய்விடுவார். மனுக்கள் உதவியாளர் கைக்குப் போகும், உதவியாளர் கையிலிருந்து கார் டிக்கிக்குப் போகும். தொகுதியில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. வந்த மனிதரிடம் சங்கடமானதை எப்படிச் சொல்வது என்று ஊரும் வாயை மூடிக்கொண்டிருந்தது. மரியாதையாம்.

இப்படி இரண்டரை வருடம் ஓடிய பிறகுதான் அந்த ஆணை வந்தது. வகுப்பறை இல்லாத பள்ளிகளை ஆய்வு செய்து பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பார்களாம், பிப்ரவரி பதினெட்டாம் தேதி அதிகாரி வருவாராம். பக்கத்துப் பள்ளி என்பது ஈசிஆருக்கு அந்தப் பக்கம், ஐந்து கிலோமீட்டர். எல்லம்மாளின் கணவர் அந்தச் சாலையைத் தாண்டும்போதுதான் அடிபட்டுப் போனார், சைக்கிளில் பால் பாக்கெட் மாட்டியிருந்தது. மகள் பிரபா இந்த ஆணை வந்தபோது ஒன்பதாம் வகுப்பு, வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை. எல்லம்மாள் தலைமையாசிரியை அறை என்று சொல்லப்பட்ட சமுதாயக் கூட மேடையின் மூலைக்கு வந்து நின்றார்.

"ரோட்டுக்கு அந்தாண்ட நான் அனுப்பமாட்டேன் டீச்சர். ஒருத்தர குடுத்தாச்சி. ஸ்கூல மூடினா அவ படிப்பு அவ்ளோதான்."

பிரிசில்லா அன்றே ஆண்டு விழாவைப் பதினெட்டாம் தேதிக்கு வைத்தார். அதிகாரி பத்து மணிக்கே வந்து அடிக்கல்லின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். பூபாலன் வழக்கம்போல் பன்னிரண்டே காலுக்கு வந்தார். கட்டடம் வந்தது, அதிகாரி உள்ளே போனார். இருபது நிமிடத்தில் பார்த்து முடிக்கிற ஆளா அவர்? ஒவ்வொரு ஜன்னலையும் டேப்பு வைத்து அளந்தார், ஒவ்வொரு பெஞ்சின் காலையும் எண்ணினார். கீழே விழாவை இழுத்தார்கள். விழா என்றால் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில்தான் முடியும். நாட்டுப்பண் பாடாமல் மேடையைவிட்டு இறங்கினால் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றும் என்பது எந்த அரசியல்வாதிக்கும் தெரியும். பிரிசில்லா பிடித்தது அந்தப் பிடி. வரவேற்புரையை நாலு பேர் பேசினார்கள். முன்னிலை வகித்தவர்களின் பெயர்களை இரண்டு தடவை படித்தார்கள். மாதா கோயில் சபையார், அம்மன் கோயில் கமிட்டி, மகளிர் குழு, ஆட்டோ ஸ்டாண்டு என்று நாற்பத்தொரு பொன்னாடை விழுந்தது. பூபாலனின் கழுத்து தெரியவில்லை. பழைய ஆண்டறிக்கையையும் சேர்த்து வாசித்தார்கள். ஆறாம் வகுப்பில் தமிழ் பேச வராத ஒரு பீகார்க்காரப் பிள்ளையைக்கூடப் பாரி வேடம் போட்டு ஏற்றினார்கள், அதுவும் தேருக்குப் பதில் ஸ்கூல் பையைக் கொடுத்துவிட்டுப் போனது. உதவியாளர் கையைக் கையைக் காட்டினார். கோவளத்தில் காதுகுத்து, முட்டுக்காட்டில் கடைத் திறப்பு. இரண்டரை மணிக்குப் பூபாலனுக்குப் பொறுமை போய்விட்டது. நாட்டுப்பண்ணாவது ஒன்றாவது என்று எழுந்து, பொன்னாடைகளை ஒரு பிள்ளையின் தலையில் போட்டுவிட்டு, காரைக்கூடக் காத்திராமல் மதகைப் பார்த்து நடந்தார். எல்லம்மாள் அடுப்படியிலிருந்து வந்து வழியில் நின்றார். அதுவரை தலைவரே என்று மட்டும் கூப்பிட்டவர், அன்று சின்ன வயதில் கூப்பிட்டதுபோல் கூப்பிட்டார்.

"அண்ணாத்த, நீ போனா கட்டடமும் போவும். ஆபீசரு மாடில கீறாரு."

"இன்னா பேசற நீ?"

"ஒரு காலு மட்டும் மதகுக்கு அந்தாண்ட வச்சிட்டுத் திரும்பிப் பாரு. மொத்தமா போயிடாத, ஆளு வுழுந்துடுவாரு."

பூபாலன் சிரித்துக்கொண்டேதான் வலது காலை எடுத்து வைத்தார். திரும்பிப் பார்த்தார். மாடியின் மேற்கூரையைக் காணோம். அதிகாரி வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்து, மேற்கூரை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். பூபாலன் காலை உள்ளே இழுத்தார். அதிகாரி அண்ணாந்து பார்த்து, எழுதியதை அடித்துவிட்டு, மேற்கூரை உண்டு என்று எழுதினார். பூபாலன் இன்னொரு தடவை காலை வைத்து எடுத்தார், அதிகாரி இன்னொரு தடவை அடித்து எழுதினார். அதன் பிறகு பூபாலன் திரும்பிவந்து மேடையில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு பத்துக்கு நாட்டுப்பண் பாடினார்கள். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, மதகு தாண்டும்வரை தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

சட்டமன்றத்தில் அவர் இதைக் கேள்வியாகக் கேட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டடம் முடிந்துவிட்டது, உறுப்பினரே அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எட்டு இருக்கிறது என்று பதில் வந்தது. சபை சிரித்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட்டு கொடுக்கவில்லை. புதிதாக ஜெயித்தவர் தாழம்மேட்டுக்கு வந்தார், அவரும் பத்துக்குப் பன்னிரண்டரை, அவரும் கல் நாட்டினார், அவரும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. இப்போது கல் இரண்டு. பிள்ளைகள் அதன்மேல் பை வைக்கிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் எல்லம்மாள் செங்கல்பட்டுக்குப் போனார். பூபாலன் வீட்டு வாசலில் முன்பு ஐம்பது செருப்பு கிடக்கும், அன்று அவருடையது மட்டும் கிடந்தது. லுங்கியோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எல்லம்மாள் உட்காரவில்லை. "ஒம்போது பத்துக்கு மணி அடிப்பாங்க அண்ணாத்த, வந்துடு" என்றார். பூபாலன் சர்க்கரை, முட்டிவலி, கார் இல்லை என்று ஆரம்பித்தபோது எல்லம்மாள் கேட் தாண்டிவிட்டார்.

வந்தார். பழக்கதோஷம், முதல் நாள் பத்தே முக்காலுக்கு வந்தார். பிரிசில்லா எல்லார் முன்னாலும் கைக்கடிகாரத்தைக் காட்டினார், தாமத ஏட்டில் கையெழுத்து வாங்கினார். மறுநாளிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பதுக்குள் வந்துவிடுகிறார். படிக்கட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி, தினத்தாள், ஒரு தூக்கம், பிள்ளைகளோடு சத்துணவு. டீ குடிக்க மதகு தாண்டக்கூடாது, டீக்கடைக்காரர் கொண்டுவந்து கொடுப்பார், கொடுக்கும்போது நாலு வார்த்தை திட்டிவிட்டும் போவார். பூபாலனுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு விடுமுறை. பஸ் லேட்டு என்றால் நூற்றுநாற்பது பிள்ளைகளும் பையோடு மணலில் நின்று சாலையைப் பார்ப்பார்கள், இந்த ஆளுக்காகக் காத்திருந்தே நம் பிழைப்பு போகிறது என்று பெற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள்.

மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்குப் பரீட்சை. பிரபா மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மதகுக்கு அந்தப் பக்கம் கொடி கட்டிய கார் ஒன்று வந்து நின்றது. பழைய உதவியாளர் இறங்கி ஓடிவந்தார். கட்சித் தலைவர் மாமல்லபுரம் வழியாகப் போகிறாராம், இவரைக் கேட்டாராம், அரைமணிக்குள் போய் ஒரு பொன்னாடை போர்த்தினால் போனதெல்லாம் திரும்பி வரும் என்றார். இஞ்சினை அணைக்கவே இல்லை. பூபாலன் எழுந்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், நாலு அடி நடந்தார். அடுப்படி வாசலில் எல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பரீட்ச எத்தன மணிக்கு முடியும்?" என்று பூபாலன் கேட்டார்.

"ஒன்னே காலு" என்றார் எல்லம்மாள்.

மாடியில் பிரபா இன்னொரு தாள் கேட்டுக் கையைத் தூக்கினாள். பூபாலன் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார், காரைப் போகச் சொன்னார்.