விதையில் முளைத்த மரவள்ளி

ஜப்பான்காரன் வந்து தோட்டத்துக்குச் செய்த ஒரே நன்மை எல்லாரையும் மரவள்ளி நட வைத்ததுதான் என்று இருளப்பன் மனதார நம்பினான். மற்றவர்களுக்கு மரவள்ளி என்றால் வயிற்று உப்புசம். காலையில் அவித்த கிழங்கு, மதியம் இடித்த கிழங்கு, இரவில் சோற்றைப் பற்றிய பேச்சு. இருளப்பனுக்கு மட்டும் அது வேலி. தூரத்திலிருந்து பார்த்தால் மரவள்ளி இலையும் கஞ்சா இலையும் பங்காளிகள் மாதிரி இருக்கும். இரண்டும் விரல் விரித்த கை. கெடாவில், லூனாஸுக்கு அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில், சதுப்பைத் தாண்டி, பால் மரங்களை வெட்டிச் சாய்த்த ஒரு மேட்டில், சுற்றிலும் மரவள்ளிக் குச்சி ஊன்றி நடுவில் கஞ்சா வளர்த்தான்.

ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. அவன் புகைப்பதுகூட இல்லை, இருமல் வரும். சயாமுக்குப் போகாமல் இருப்பதற்காக வளர்த்தான்.

சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம், திரும்பி வரும்போது துணிமணி என்று சொன்னார்கள். போகிற லோரி போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்த லோரிகளில் லோரிக்காரன் மட்டும் இருந்தான். இருளப்பனின் மனைவி சிகப்பிக்கு ஒரே தம்பி, பிச்சை. துணிமணி என்ற சொல்லை நம்பி முதல் லோரியில் தானாகவே ஏறிக்கொண்டவன் அவன். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

யார் போவது, யார் இருப்பது என்பது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி பரஞ்சோதியின் வாயில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாகச் சிங்கப்பூருக்கு ஓடியதிலிருந்து கிராணிக்குத் தூக்கம் கிடையாது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சரக்கும் நின்றுபோயிற்று. கஞ்சா இல்லாத கிராணி யாரைப் பார்த்தாலும் சயாமுக்கு அனுப்பினார். கஞ்சா இருந்த கிராணிக்கு எல்லாரும் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் இருளப்பன். வாராவாரம் ஒரு பொட்டலம் கிராணி வீட்டுப் பின்வாசலுக்குப் போயிற்று. கிராணி அவனைத் தீராத சீக்காளி என்று ஜப்பான்காரனிடம் சொல்லி வைத்தார்.

ஆனால் ஒளித்து வளர்ப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. தூரத்தில் பங்காளி மாதிரி தெரிகிற செடி, கிட்டே வந்து பார்த்தால் பங்காளி இல்லை. மரவள்ளிக்கு இலைக்காம்பு சிவப்பு, விரல் அகலம். கஞ்சாவுக்குக் காம்பு பச்சை, விரல் ஒல்லி, ஓரமெல்லாம் ரம்பப் பல். ஆகவே இருளப்பன் செடியைத் திருத்த ஆரம்பித்தான்.

அவனிடம் இரண்டு விதைகள் இருந்தன. ஒன்று, கோயில் பண்டாரம் திருநீற்றுப் பைக்குள் வைத்திருந்த ஊர் விதை. குட்டையாக, அடர்த்தியாக வரும். மற்றது, பெண்டாங் பக்கம் மாடு வாங்கப் போன தோட்டத்து ஆள் ஒரு சயாம்காரனிடமிருந்து கொண்டுவந்தது. நெட்டையாக, காம்பில் லேசாகச் சிவப்போடு வரும். இரண்டையும் சேர்த்தான். முளைத்ததில் காம்பு சிவந்ததை வைத்துக்கொண்டான். அதன் பிள்ளைகளில் விரல் அகன்றதை வைத்துக்கொண்டான். ஆண் செடி பூத்தால் சரக்கெல்லாம் விதையாகிக் கெட்டுவிடும் என்பதால், ஆண் என்று தெரிந்ததும் வேரோடு பிடுங்கி எறிந்தான். விதைக்கென்று ஒரே ஒரு ஆணை மட்டும் மேட்டின் கடைசியில், தன் மனசுக்குப் பிடித்த பெண் செடிகளின் பக்கத்தில் விட்டு வைப்பான். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

சிகப்பி ஒருநாள் கஞ்சித் தூக்கோடு வந்து, அவன் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆம்பளையாப் பாத்துப் பாத்துப் புடுங்கிறியே. ஒன்னப் பாத்து ஜப்பான்காரன் கத்துக்கிட்டானா, அவனப் பாத்து நீ கத்துக்கிட்டியா?"

"மாப்ளய விட்டு வச்சிருக்கேன்ல."

"அந்த மாப்ளைக்கு ஊத்துற தண்ணியில பாதி இந்த மரவள்ளிக்கு ஊத்தியிருந்தா ரெண்டு கெழங்காச்சும் கண்ணுல பாத்திருப்பேன். குச்சி மாதிரி நிக்கிது, ஒன்ன மாதிரியே."

"வேலி எதுக்குத் தடிக்கணும்?"

"வேலியத்தான்யா நாம திங்கிறோம்" என்றாள் சிகப்பி.

நாலாவது தலைமுறையில் காரியம் கைகூடிவிட்டது. காம்பு இரத்தச் சிவப்பு. ஐந்து விரல், ஏழு விரல், எல்லாம் அகலம். ரம்பப் பல்லும் மழுங்கிப்போயிருந்தது. ஒருநாள் பொட்டலம் தாமதமானதில் பொறுமை இழந்த பரஞ்சோதி கிராணி, சதுப்பில் முழங்கால் வரை இறங்கி நேரே மேட்டுக்கே வந்துவிட்டார்.

"டேய் இருளா, எங்கடா என் செடி? வெறும் மரவள்ளியா நிக்கிது?"

செடிகளுக்கு நடுவில், ஒன்றைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு நின்றபடி இதைக் கேட்டார்.

அன்றைக்கு முழுக்க இருளப்பன் செடி செடியாகப் போய்க் காம்பைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை எதற்காகவும் பாராட்டியது கிடையாது. பால் மரம் நன்றாக வெட்டினால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் திட்டாமல் போவார், அதுதான் பாராட்டு. இப்போது உலகத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறான். அதை உலகத்தில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. சிகப்பிக்கு அது களை. கிராணிக்கு அது புகை. சொல்லத் துடிக்கிற ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நின்றது.

தோட்டத்து மரவள்ளி விவகாரங்களைக் கவனிக்க ஒரு ஜப்பான் அதிகாரி இருந்தார். மரவள்ளிக்கு மலாயில் ஊபி என்பதால் ஊபித் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். தன் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவராம். மரவள்ளியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு, பயிரிடுவது எப்படி என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். எல்லாரும் சாப்பிடுவதை அதிகாரியும் சாப்பிட வேண்டும் என்ற கொள்கை அவருக்கு. நல்ல கொள்கைதான். அதனால்தான் அன்று காலை கிராணியோடு சதுப்போரமாக நடந்து போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கத்தியைக் கழற்றிக் கிராணி கையில் கொடுத்துவிட்டு, சேறு சகதி பார்க்காமல் மறைவு தேடி ஓடினார். அந்தத் தோட்டத்திலேயே நல்ல மறைவு இருளப்பனுடையது.

களை பறித்துக்கொண்டிருந்த இருளப்பன் நிமிர்ந்தபோது, துரை கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு செடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். பின்னாலேயே கத்தியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கிராணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

துரை வேலியோரத்து மரவள்ளியைப் பார்த்தார். சோகை பிடித்து முழங்கால் உயரத்தில் நின்றது. பிறகு நடுவில் ஆள் உயரத்துக்குத் தழைத்து நின்றதைப் பார்த்தார். சிவந்த காம்பைத் தடவினார்.

"ஊபி?"

"ஊபி, துவான்" என்றான் இருளப்பன். மரவள்ளிதான், ஐயா.

"இது மட்டும் எப்படி இப்படி?" என்று அரைகுறை மலாயில் கேட்டார்.

"மண்ணு, துவான். ஆத்து மண்ணு" என்று கிராணி முந்திக்கொண்டார்.

துரை குனிந்து வேலியோரம் ஒரு பிடி மண்ணை எடுத்தார். நடுவில் ஒரு பிடி எடுத்தார். இரண்டு கையையும் கிராணியின் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரே மண். பிறகு இருளப்பனைப் பார்த்து, வகுப்பில் கடைசி வரிசைப் பையனிடம் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டார்: "யார் செய்தது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கிராணி துரையின் முதுகுக்குப் பின்னால் தலையை அப்படி ஆட்டிக்கொண்டிருந்தார், கழுத்து சுளுக்கிக்கொள்ளும் போல. ஆனால் இருளப்பனிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"சாயா புவாட், துவான்" என்றான். நான் செய்தது.

அதோடு நின்றிருக்கலாம். முள் ஒருமுறை வெளியே வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்தது. இரண்டு விதை, துவான். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. கலந்தேன். சிவப்பாக வந்ததை வைத்துக்கொண்டேன். மறுபடி விதை. மறுபடி கலந்தேன். மலாய் தெரிந்த இடத்தில் மலாயிலும் தெரியாத இடத்தில் விரலாலும் சொன்னான்.

கிராணி கண்ணை மூடிக்கொண்டார். மரவள்ளியைக் குச்சி ஒடித்துத்தான் நடுவார்கள். விதை போட்டு மரவள்ளி வளர்த்தவன் கெடாவில் எந்தத் தோட்டத்திலும் இல்லை. மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் துரையின் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை போலும்.

துரை காலைச் சேர்த்து வைத்து, இடுப்பு வரை வளைந்து வணங்கினார். இருளப்பன் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான்.

கிழங்கைப் பார்க்கலாமே என்று துரை ஒரு செடியைப் பிடித்தபோதுதான் அவனுக்கு உயிர் போய் வந்தது. "பெலும், துவான், பெலும்" என்று கையைத் தடுத்தான். இன்னும் பருவம் வரவில்லை, மாதக்கணக்கில் ஆகும். துரை தூங்குகிற பிள்ளையைத் தொட்டுவிட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த மேட்டுக்குப் பலகை நட்டார்கள். துப்பாக்கியோடு ஒரு காவல்காரனையும் நிறுத்தினார்கள். ஒன்றரை வருஷமாக ஊர் கண்ணில் படாமல் காத்த செடிகளைத் திருடர்கள் கண்ணில் படாமல் காக்கும் பொறுப்பு அரசாங்கத்துக்குப் போய்விட்டது. முற்றிய தலைகளை விதைக்கென்று வெட்டிக் காயவைத்து, மணிகளை உதிர்த்து மூட்டை கட்டச் சொன்னார் துரை. கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. சயாம் காட்டில் ஆயிரக்கணக்கான கூலிகள் பசியோடு வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட இப்படிப்பட்ட ஒரு மனிதன் அங்கே தேவை. அடுத்த லோரியில் இருளப்பன், கிழங்கு நிபுணர்.

அவன் கிராணி வீட்டுப் பின்வாசலுக்கு ஓடினான். பொட்டலம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

"ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. நான் உளறிட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன்டா. தன்னடக்கம் பெரிய குணம்னு சொல்றான்."

"சீக்காளின்னு சொல்லுங்க."

"சொன்னேன். சீக்கோட ஒழைக்கிறவனத்தான் சக்கரவர்த்திக்குப் புடிக்குமாம்."

"அப்ப உள்ளதச் சொல்லிருங்கய்யா. அது ஊபி இல்லன்னு."

பரஞ்சோதி கிராணி அவனையே பார்த்தார். பின்வாசல் கதவைச் சாத்தினார். "சொன்னா ஒன் தல போகும். அதுகூடப் பரவால்லலா. எந்தலயும் சேந்து போகும். ராவோட ராவாப் போயிப் புடுங்கிப் போடலாம்னும் நெனைக்காத. துப்பாக்கி நிக்கிது. புடுங்கினா நாசவேல, அதுக்கும் தலதான். சயாமுக்குப் போனா தல ஒடம்போடவே இருக்கும். கெழங்கு தோண்டற வரைக்கும்."

லோரி ஏறும் காலையில் சிகப்பி அழவில்லை. அவன் கையில் 'நிபுணர்' என்று ஜப்பான் எழுத்தில் எழுதியிருந்த வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். அதை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள். "அங்க எந்தம்பியப் பாத்தா, அவனுக்கும் ரெண்டு கெழங்கு குடு. பெருசாப் பாத்துக் குடு."

இருளப்பன் மூட்டையோடு லோரியில் ஏறினான். லோரி புறப்பட்ட பிறகும் அவள் அதையே, குரலை உயர்த்தாமல், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுங்கை பட்டாணியில் லோரியில் வந்தவர்களைச் சாமான் ஏற்றுகிற ரயில் பெட்டிக்குள் திணித்தார்கள். இரும்புப் பெட்டி, வெயிலில் அடுப்பு மாதிரி கொதித்தது. உட்கார இடமில்லை. மூட்டைக்கு மட்டும் இடம் விட வேண்டும் என்று சிப்பாய் உத்தரவு போட்டிருந்ததால் எல்லாரும் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, கையில என்னாண்ணே துணி?" என்று ஒருவன் கேட்டான்.

"கெழங்குக்காரன்" என்றான் இருளப்பன். "அங்க நமக்கெல்லாம் ஊபி போடணுமாம். இது விதை."

செய்தி பெட்டியின் மூலை வரை போயிற்று. அங்கே கிழங்கு உண்டாம். நம்ம ஆளே வளர்க்கப் போகிறாராம். மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான் ஒருவன். இருளப்பன் கதவு இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டான்.

மூட்டையை ஒட்டி நின்றவன் ராமையா, பாடாங் செராயில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவன். குனிந்து சாக்கை முகர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான். அவன் முகம் விரிந்தது. பழைய சிநேகிதனை ரயிலில் சந்தித்தவன் முகம்.

"அண்ணே" என்றான் காதோடு. "இது என்னா விதைன்னு சொன்னீங்க?"

"ஊபி."

"ஊபிக்கு ஏதுண்ணே விதை?"

ராமையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். "என்னாங்க, என்னா விஷயம், எங்களுக்கும் சொல்லுங்கலா" என்றான் துணியைப் பற்றிக் கேட்டவன். பதினேழு வயதுகூட இருக்காது; கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.

ராமையா அவனைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றான். "நல்ல விதை. ஒசந்த விதை. எங்க ஊரு கம்பத்துல இது மாதிரி கெடைக்காது."

பெட்டிக்குள் பேச்சு கிளம்பியது. சுட்டுத் தின்றால்தான் கிழங்குக்கு ருசி என்றான் ஒருவன். சுட்டால் பாதி கருகி வீணாகும், அவிக்க வேண்டும் என்றான் இன்னொருவன். துருவிப் பிழிந்து அடை தட்டலாம், தேங்காய் கிடைத்தால் போதும் என்றார் ஒரு பெரியவர். சயாமில் தேங்காய் உண்டா இல்லையா என்று ரயில் குருண் தாண்டும் வரை சண்டை நடந்தது. கடைசியில் எல்லாரும் நிபுணரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. சுடணுமா, அவிக்கணுமா?"

இருளப்பன் கையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டான்.

"அவிச்சா நல்லாருக்கும்" என்றான். "உப்பு மட்டும் பாத்துப் போடணும்."