டோமினிக்கின் கல்யாண ஃபைல்

கொள்ளிடம் வெள்ளத்தில் செத்துப்போய் இருபது வருஷம் கழித்து டோமினிக் தலைக்கு டை அடித்திருந்தார், அதுவும் தன் கல்யாணப் போட்டோவில். கோட்டு அதே கோட்டுதான். பொத்தான் போட முடியாதபடி தொப்பை தள்ளியிருந்தது. மூக்கில் கண்ணாடி வேறு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் ஃபைல்களைத் திறந்து கொடுக்கும் நவநீதன், பால் விலை ஏறியதைச் சொல்வது போல இதைச் சொல்லிவிட்டு, திரையை டோமினிக்கின் மனைவி செல்வமேரி பக்கம் திருப்பினான்.

செல்வமேரி லேசில் நம்புகிறவள் அல்ல. நுனி ஒடித்துப் பார்க்காமல் அவள் வெண்டைக்காய் வாங்கியதாகப் பாலக்கரையில் யாரும் சொன்னதில்லை. 2005இல் மட்டும் நம்பித் தொலைத்தாள். ஆற்றில் தண்ணீர் வந்தால் திருச்சியே பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்க்கும். டோமினிக்கும் அப்படித்தான் போனார். கொள்ளிடம் பாலத்தில் அவருடைய வண்டியும் செருப்பும் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் பங்குக் கோயிலில் அவர் ஆன்மா இளைப்பாறப் பூசை வைத்தாள். இருபதாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடினால், கல்யாண ஆல்பம் வீட்டுக்குள்ளும் புகுந்த அதே வெள்ளத்தில் ஊறி நாறியிருந்தது. மிஞ்சியது ஒரு சி.டி. சிங்கப்பூர் சொந்தக்காரர் ஒருவர் அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள். கேமரா கம்பெனி தனக்கென்று ஒரு ஃபைல் வகை வைத்திருந்தது. கம்பெனியை மூடியதும் அதைத் திறக்க நாதியில்லை. நவநீதன்தான் எங்கெங்கோ தேடி ஒரு பழைய சாஃப்ட்வேரைப் பிடித்து, பதினோரு நாளில் திறந்தான்.

"ஃபோன்ல கிழவனாக்கிக் காட்டுவாங்களே, அந்த வேலையா? என்கிட்டயேவா?" என்றாள் செல்வமேரி.

"சத்தியமா இல்லீங்கம்மா. ரொம்ப வருஷம் திறக்காத ஃபைல்னா உள்ள இருக்கவங்களுக்கும் வயசாகும். போன மாசம் ஒரு காதுகுத்துப் படம், மாமா மடியில மீசையோட ஒரு ஆள் உக்காந்திருக்காரு. வீட்டுக்காரங்க பிரிண்ட் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை. மூன்று நாள் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து வந்து அந்தப் படத்தைப் போலீஸ் மாதிரி விசாரித்தாள். வெள்ளைப் புடவையும் முக்காடுமாக நின்ற மணப்பெண்ணுக்கு, அன்று காலை அவள் கண்ணாடியில் பார்த்த அதே ஐம்பது வயது முகம். மாப்பிள்ளைத் தோழன் பெஞ்சமினுக்கு முன்பல் ஒன்று இல்லை. முசிறியில் இருந்த அவருக்கு வீடியோ கால் போட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். போன வாரம்தான் வழுக்கி விழுந்து பல் போயிற்று என்று அவர் காட்டினார். 2011இல் மஞ்சள் காமாலையில் இறந்த அவள் அண்ணன் அமிர்தராஜ் மட்டும் கண்ணெல்லாம் மஞ்சளாக 2011இலேயே நின்றிருந்தார். அதற்குமேல் அவருக்கு ஒரு நரைகூட ஏறவில்லை. நவநீதனுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. அவன் மேலிருந்த சந்தேகம் எழுந்து போய் டோமினிக் மேல் உட்கார்ந்தது.

"செத்தவருக்கு எதுக்கு தம்பி டை? அந்தத் தலையைக் கொஞ்சம் பெருசாக்கு."

பெரிதாக்கினான். டை ஒரு பொட்டுக்கூடக் காதில் படவில்லை. ஷேவிங் சோப்பைக் காதுவரை பூசிக்கொள்கிற ஆள் டோமினிக். பின்னந்தலைவரை பொறுமையாக வேறொருத்தி அடித்துவிட்ட டை அது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தே போயிருக்கிறார், பாவி! இருபது வருஷம் வீணாய் அழுததை நினைத்து அங்கேயே வாய்விட்டு அழுதாள். நவநீதன் ஃபேனைக் கூட்டிவைத்தான்.

பிரிண்டோடு நேரே பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போனாள். ஃபாதர் கிளமென்ட் பூசைப் புத்தகத்தில் டோமினிக் பெயரை வழக்கம்போல முன்கூட்டியே எழுதியிருந்தார்.

"அதை அடிச்சிடுங்க ஃபாதர். அவரு உசிரோட இருக்காரு."

ஃபாதர் படத்தை வாங்கிப் பார்த்தார். தான் அடக்கம் செய்த அமிர்தராஜையும் பார்த்தார். "ஆமா, டோமினிக் நல்லாத்தான் இருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தார். "அப்ப அந்த ஆறு மணிப் பூசையை யாருக்கும்மா வைக்கிறது?"

"எனக்கு வைங்க ஃபாதர். இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணுகூட வைக்கல."

ஃபாதர் டோமினிக்கை அடித்துவிட்டு, 'செல்வமேரி, நலம் வேண்டி' என்று எழுதினார்.