எலுமிச்சம்பழம் நசுக்கிய மொனாறோ

“சாவி என்ர சட்டைப் பைக்குள்ள. காருக்குள்ள ஒரு குஞ்சுகுருமான் இல்லை. ஐயர் தீபம் காட்ட, மொனாறோ தானாப் புறப்பட்டு, சில்லுக்கு வைச்ச நாலு எலுமிச்சம்பழத்தையும் சப்பளிச்சுப்போட்டு, ஐயரை ஹெலன்ஸ்பர்க் கோயில் வாசல்மட்டும் துரத்தினது!”

லிட்கம் வீட்டு கராஜில், மூன்று வருடம் பாடுபட்டுப் புதுப்பித்த பழைய மொனாறோ காரின் நெளிந்த பம்பரைத் தட்டித் தட்டித் தங்கராசா சொல்ல, விருந்துக்கு வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அருமைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருடம் பஸ் திருத்தியவர். காரின் பிரேக் வேலை முழுக்க அவருடையது.

“பம்பரை எங்கயோ இடிச்சுப்போட்டுக் கதை அளக்கிறாய், மச்சான். ஹேண்ட்பிரேக் நான் பூட்டினது. யானை தள்ளினாலும் அசையாது.”

“சரிவில நிண்டதெண்டு இழுத்துத்தான் விட்டனான்.”

“பொறு, காட்டுறன்.” டோர்ச்சோடு காருக்கடியில் புகுந்தார்.

ஹேண்ட்பிரேக் கேபிள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ராகு காலத்துக்கு முன் பூசை முடியவேண்டுமென்று எல்லோரும் அவசரப்படுத்திய காலையில், கிறீஸ் பூசிப் பேப்பரில் சுற்றித் தட்டில் வைத்த கேபிள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காது சுட்டது. வெளியே சிரிப்பு ஓயவில்லை. அங்கேயே படுத்துக் கிடந்துவிடலாம் போலிருந்தது.

“ஐயருக்கு ஏதும் பட்டதோ?” காருக்கடியில் இருந்தபடியே கேட்டார்.

“வேட்டியில எலுமிச்சம்புளி தெறிச்சதுதான்.”

மெல்ல ஊர்ந்து வெளியே வந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

“கார் தானா ஓடினதுதான், மச்சான். நான் கேபிள் பூட்டேல்லை.”